சனிக்கிழமை மலைக்குப் போகிறார்களாம், என்னிடம் ஓட்டக் காலணி மட்டும்தான் இருக்கிறது. உடனே வழி சொல்லுங்கள்

ஓஸ்லோவில்_ஆறுவாரம்:
எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக நார்வே வந்து ஆறு வாரம் ஆகிறது. எங்கள் குழுவில் எட்டுப் பேர் இந்த வார இறுதியில் ஒரு தேசியப் பூங்காவுக்குப் போகிறார்கள். வருகிறாயா என்று கேட்டார்கள். பூங்கா என்றதும் நடைபாதையும் பெஞ்சுமாக இருக்கும் என்று நினைத்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்று மதியம் ஒருவர் கைப்பேசியில் படம் காட்டினார். ஒரு பக்கம் பச்சை ஏரி, இன்னொரு பக்கம் நீல ஏரி, நடுவே செங்குத்தான பாறை முதுகு, அதன்மேல் வரிசையாக மனிதர்கள். அப்போதிலிருந்து வயிற்றைப் பிசைகிறது. எனக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம் நடக்கிறது. இப்போது வரமாட்டேன் என்றால் வேலையைப் பாதிக்குமா? போனால் என்ன வாங்க வேண்டும்? இன்றே பதில் தேவை.

ஸ்டவாங்கர்வாசி:
முதலில் தனிநபர் எண் வந்துவிட்டதா என்று பாருங்கள். அது வந்தால்தான் குடும்ப மருத்துவர் ஒதுக்கப்படுவார், வங்கி அடையாளமும் கிடைக்கும். எனக்கு அந்த எண் வரத் தாமதமாகி, சம்பளத்தை எந்தக் கணக்கில் போடுவது என்று நிறுவனமே தவித்தது. வாடகைக்கு முன்பணம் கட்ட நண்பரிடம் கடன் வாங்கினேன். மலை எங்கும் ஓடிவிடாது. காகிதங்களை முடித்துவிட்டு அடுத்த ஆண்டு போங்கள்.

வடக்கில்_தொடங்கியவன்:
தங்கச்சி, நான் 1988இல் நோர்வே வந்தவன். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பலர் படிக்கவென்று வந்து, பிறகு நாட்டின் வடகோடியான பின்மார்க்கின் மீன் பதனிடும் கூடங்களில் வேலைக்குச் சேர்ந்தோம். நவம்பர் கடைசியில் சூரியன் போனால் ஜனவரியில்தான் திரும்பவும் தலைகாட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த பருத்திச் சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு போட்டுக்கொண்டு வேலைக்கு நடப்பேன். நடக்கும்போது வேர்க்கும், நின்றால் அந்த வேர்வையே பனிக்கட்டி போல முதுகில் ஒட்டும். எங்கள் கூடத்தில் வேலை செய்த ஒரு நோர்வேஜியக் கிழவி ஒரு நாள் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் தான் பின்னிய கம்பளி உள்ளாடையைக் கொண்டுவந்து தந்தா. அதற்குப் பிறகு எனக்குக் குளிர் என்றால் பயமில்லை. அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: பருத்தி வேண்டாம், தோலோடு ஒட்டிக் கம்பளி போடுங்கள்.

பேர்கன்மழை:
போகாதீர்கள். தகுதிகாண் காலத்தில் கால் உடைந்தால் யார் பார்ப்பார்கள்? வந்த முதல் கோடையில் நானும் இப்படித்தான் ஒரு மலைக்குப் போய் ஜீன்ஸோடு நனைந்தேன். ஈரமான ஜீன்ஸ் முழங்காலை மடக்கவே விடவில்லை. கீழே இறங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. குறைந்தது மூவாயிரம் குரோனுக்கு நல்ல மலைக்காலணி வாங்காமல் அடி எடுத்து வைக்காதீர்கள்.

வெள்ளியங்கிரி_ஏழுமுறை:
இதற்கெல்லாம் பயப்படலாமா? ஊரில் வெள்ளியங்கிரி ஏழு மலையையும் மக்கள் வெறுங்காலோடு ஏறுகிறார்கள், அறுபது வயதுத் தாய்மார்கள் தடி ஊன்றி ஏறுகிறார்கள். ஓட்டக் காலணியே தாராளம். நான் அதில்தான் இங்குள்ள ரொண்டானே தேசியப் பூங்காவில் இரண்டு நாள் நடந்தேன். கணுக்கால் வரை ஏறிய கனமான காலணி வாங்கினால் கொப்புளம்தான் மிஞ்சும். தைரியமாகப் போய் வாருங்கள்.

பேர்கன்மழை:
வெள்ளியங்கிரியோடு ஒப்பிடாதீர்கள் ஐயா. அங்கே வழி நெடுக ஆட்கள் இருப்பார்கள். இங்கே மேகம் இறங்கினால் அடுத்த கல் தெரியாது.

ஓஸ்லோவில்_ஆறுவாரம்:
பதில்களுக்கு நன்றி. படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுகிறது. சொல்ல மறந்துவிட்டேன், நான் சைவம். வெள்ளிக்கிழமை இரவு ஏதோ மலைக்குடிலில் தங்குகிறோமாம். அங்கே ஆண்களும் பெண்களும் ஒரே அறையில் தூங்குவார்கள் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

திரொண்ட்ஹைம்_மாணவன்:
புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், இரண்டு நாள் தாங்கும்.

ஸ்டவாங்கர்வாசி:
குளிரில் சோறு விறைத்துப் பரல் பரலாகிவிடும், தொண்டையில் இறங்காது. சப்பாத்திதான் சரி. ஆனால் புளியையும் கறிவேப்பிலையையும் இங்கே விற்கும் விலைக்கு யார் புளியோதரை செய்வது? ஒரு கட்டுக் கீரைக்குக் கொடுக்கும் காசில் ஊரில் ஒரு வாரக் காய்கறி வாங்கலாம்.

பேர்கன்மழை:
விலையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை. மூன்று ஆண்டாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம், பக்கத்து வீட்டுக்காரர் தலையசைப்பதோடு சரி. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருகிறார்கள். எங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால் வீட்டில் சாவு விழுந்ததோ என்று விசாரிக்கப் போய்விடுவார்கள்.

திரொண்ட்ஹைம்_மாணவன்:
எனக்கும் அப்படித்தான். முதல் நான்கு மாதம் வகுப்பில் என்னோடு ஒருவரும் பேசவில்லை. இரவில் அம்மாவுக்குத் தெரியாமல் அழுதிருக்கிறேன்.

வடக்கில்_தொடங்கியவன்:
தம்பி, மலையில் அவர்களைப் பாருங்கள். எதிரே வருகிற ஒவ்வொருவரும் வணக்கம் சொல்லுவார்கள், நின்று வழி கேட்பார்கள், கையிலுள்ள தோடம்பழத்தை உரித்துப் பாதியைத் தருவார்கள். நகரத்தில் வாய் திறக்காத அதே மனிதர்கள்தான். எனக்கு இந்த நாட்டில் கிடைத்த நண்பர்கள் முக்கால்வாசிப் பேர் மலையில் கிடைத்தவர்கள்தான்.

தெலமார்க்_அக்கா:
தங்கை கேட்டது வேறு, நாம் பேசுவது வேறாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஏம்மா, எந்தப் பூங்கா, எந்த வழி என்று நீ இன்னும் சொல்லவே இல்லை. நார்வேயில் தேசியப் பூங்கா என்றால் நாற்பதுக்கும் மேல் இருக்கிறது. ஹர்தாங்கர்விட்டா பீடபூமியில் சமதரையில் நாள் முழுக்க நடக்கலாம், டோவ்ரேயில் கஸ்தூரி எருதுகளிடமிருந்து 200 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆயத்தம் வேறு. பச்சை ஏரி, நீல ஏரி, நடுவே பாறை முதுகு என்றாயே, அது பெஸ்ஸெக்கனா? உனக்கு உயரம் என்றால் பயம் உண்டா? இதற்கு முன் ஒரே நாளில் அதிகம் நடந்தது எவ்வளவு தூரம்?

ஓஸ்லோவில்_ஆறுவாரம்:
ஆமாம் அக்கா, அதேதான், பெஸ்ஸெக்கன். வெள்ளி இரவு யெண்டேஸ்ஹைம் குடில், சனி காலை படகு என்று மின்னஞ்சலில் இருக்கிறது. ஒரு முறை திருவண்ணாமலை கிரிவலம் போயிருக்கிறேன், அதற்கு மேல் நடந்ததில்லை. உயரம் என்றால் பயம்தான். மூன்றாவது மாடி பால்கனியில்கூட விளிம்புக்குப் போகமாட்டேன். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

தெலமார்க்_அக்கா:
இப்போது சரியாகப் பேசலாம். நான் அந்த வழியில் இரண்டு முறை நடந்திருக்கிறேன், ஒரு முறை பாதியில் திரும்பியிருக்கிறேன்.

இது யோட்டுன்ஹைமன் தேசியப் பூங்கா. நாட்டின் மிக உயரமான சிகரம், 2469 மீட்டர் கால்தோபிக்கனும் அதில்தான் இருக்கிறது. நீங்கள் போவது அங்கே அல்ல. காலையில் யெண்டே ஏரியில் படகேறி மெமுருபுவில் இறங்கி, அங்கிருந்து யெண்டேஸ்ஹைமுக்கு நடந்து திரும்புவீர்கள். தூரம் 14 கிலோமீட்டருக்குள்தான், கிரிவலப் பாதை அளவுதான் வரும். ஆனால் மொத்த ஏற்றம் ஆயிரம் மீட்டரைத் தாண்டும். பழகியவர்களுக்கு ஆறேழு மணி நேரம், உனக்கு ஒன்பதுகூட ஆகலாம். வழியின் உச்சி 1743 மீட்டர். செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே வெயிலும் அடிக்கும், பனியும் பெய்யும், ஒரே நாளில் இரண்டும் வரும்.

பயப்படுகிற இடத்தைச் சொல்கிறேன். மெமுருபுவிலிருந்து ஏறி, பிறகு ஒரு தாழ்வான இடுக்குக்கு இறங்குவாய். அதன் பெயர் பாண்டே. வலது பக்கம் வெகு ஆழத்தில் யெண்டே, பனிப்பாறை அரைத்த நுண்துகள் கலந்ததால் பச்சை. இடது பக்கம் கிட்டத்தட்ட காலடியிலேயே பெஸ்வாட்னே, கருநீலம். இரண்டு நீர்மட்டத்துக்கும் ஏறத்தாழ 400 மீட்டர் வித்தியாசம். அங்கிருந்துதான் பாறை முதுகு தொடங்கும். சில இடங்களில் கையையும் ஊன்றி ஏற வேண்டும். படத்தில் தெரிவது போலக் கத்தி முனை அல்ல, பல இடங்களில் இரண்டு பேர் தாராளமாக நிற்கும் அகலம் இருக்கும். ஆனாலும் கீழே பார்த்தால் முழங்கால் இளகும். உங்கள் திசையில் அதை ஏறத்தான் செய்வீர்கள், இறங்க வேண்டியதில்லை என்பது நல்லது. பாதியில் நின்றுவிட்டால் பின்னால் வருபவர்களுக்கும் சிரமம். அதனால் முடிவை பாண்டேயிலேயே எடு. கால் வரவில்லை என்றால் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மெமுருபுவுக்குத் திரும்பிப் படகில் வா. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்.

திரும்புவதை இந்த ஊரில் யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை. மலைக்கான ஒன்பது விதிகளைப் பள்ளிப் பிள்ளைகள்கூட அறிவார்கள். திரும்பிவருவதில் வெட்கம் இல்லை என்பது அதில் எட்டாவது. மலைக்குப் போகிறவர்கள் பையில் வைத்திருக்கும் குவிக் லுன்ஷ் சாக்லேட்டின் உறையைப் பிரித்தால் உட்புறத்திலேயே அந்த விதிகள் அச்சிட்டிருக்கும்.

தகுதிகாண் காலத்தைப் பற்றிக் கேட்டாய். நாளைக் காலையிலேயே அவர்களிடம் சொல்: முதல் முறை வருகிறேன், உயரம் பயம், என்னிடம் காலணி இல்லை என்று. அவர்கள் இதைக் குறையாக எடுக்கமாட்டார்கள். கூட வருபவரின் நிலை தெரியாமல் மலைக்குப் போவதைத்தான் தவறாக நினைப்பார்கள்.

காலணி விஷயத்தில் இருவர் சொன்னதையும் ஏற்கமாட்டேன். இந்த வழியில் கூர்மையான கற்கள் அதிகம், ஈரத்தில் வழுக்கும். ஓட்டக் காலணி போதாது. மூவாயிரம் குரோனுக்குப் புதிதாக வாங்கி அன்றே ஏறினால் குதிகால் தோல் உரியும். இரவல் வாங்கு. பல ஊர்களில் பூஆ என்ற நிலையம் இருக்கிறது, மலைச் சாமான்களை இலவசமாகக் கடன் தருவார்கள். கம்பளி உள்ளாடை ஒரு ஜோடி, காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி, கால்சட்டை, தொப்பி, கையுறை, மாற்றுக் காலுறை. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்.

குடிலில் ஆண் பெண் சேர்ந்து தூங்கும் அறைகள் உண்டு, உண்மைதான். எல்லோரும் உடையோடு படுத்து, பத்து மணிக்கெல்லாம் தூங்கிவிடுவார்கள். எனக்கு இதுவரை ஒரு சங்கடமும் நேர்ந்ததில்லை. பெண்கள் மட்டும் ஓர் அறையில் இருக்க முடியுமா என்று முன்பதிவு செய்தவரிடம் கேட்கலாம், தயங்காதே. போர்வைக்குள் நுழைத்துக்கொள்ளும் துணிப்பை கண்டிப்பாக வேண்டும், பழைய போர்வை உறையை மூன்று பக்கம் தைத்தாலும் போதும். அந்தக் குடில் 1868இல் தொடங்கிய மலையேற்றச் சங்கமான டி.என்.டி. நடத்துவது. சைவம் என்று முன்கூட்டிச் சொன்னால் சமைத்துத் தருவார்கள். காலைச் சாப்பாட்டு மேசையிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்து மதியத்துக்குப் பொதி கட்டிக்கொள்ளலாம்.

வழி நெடுகக் கற்குவியலில் சிவப்பு 'டி' எழுத்து இருக்கும், ஒன்றைப் பார்த்த பிறகே அடுத்ததற்கு நகரு. அவசரமென்றால் 113 மருத்துவ உதவி, 112 காவல்துறை. இங்கே மலை மீட்புக்குப் பணம் கேட்பதில்லை, அதனால் கூப்பிடத் தயங்கக் கூடாது. வெள்ளி மாலை வானிலையை ஒரு முறை பார். பலத்த காற்று என்று போட்டிருந்தால் அந்தப் பாறை முதுகில் யாரும் ஏறக் கூடாது, உன் குழுவும்கூட.

வெள்ளியங்கிரி_ஏழுமுறை:
ரொண்டானேயில் நான் நடந்தது மென்மையான வழி. பெஸ்ஸெக்கன் என்று தெரிந்திருந்தால் ஓட்டக் காலணி போதும் என்று சொல்லியிருக்க மாட்டேன். அக்கா சொன்னபடி செய்யுங்கள்.

வடக்கில்_தொடங்கியவன்:
தங்கச்சி, நான் இப்போது ஓஸ்லோவில்தான் இருக்கிறேன். மகள் படிக்க வெளியூர் போய்விட்டா, அவவின் மலைச் சப்பாத்து வீட்டில் சும்மா கிடக்கிறது. 38 அளவு, நன்றாகப் பழகியது. கம்பளி உள்ளாடையும் இருக்கிறது. தனிச்செய்தி போடுங்கள், மனைவியும் நானும் வியாழன் மாலை கொண்டுவந்து தருகிறோம்.

ஓஸ்லோவில்_ஆறுவாரம்:
அண்ணா, என் கால் 38தான், தடித்த காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். தனிச்செய்தி அனுப்பிவிட்டேன். அக்கா, காலை வரை காத்திருக்க மனமில்லாமல் இப்போதே குழுவில் ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். உடனே பதில் வந்தது. அவருடைய மனைவிக்கும் உயரம் பயமாம், பாண்டேயில் இருவரும் பேசி முடிவெடுங்கள் என்கிறார். மெமுருபுவிலிருந்து சனிக்கிழமை கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று எந்தத் தளத்தில் பார்ப்பது?