ஸ்பிட்டி பள்ளத்தாக்கு, 9 நாள்: மணாலி வழியா, சிம்லா வழியா?

கார்த்திகைவிளக்கு (கேள்வி)

செப்டம்பர் இரண்டாம் வாரம் சண்டிகரில் கிளம்பி, 9 நாளில் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டியைச் சுற்றிவிட்டு அங்கேயே திரும்ப வேண்டும். நாலு பேர். அம்மாவுக்கு 62 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மற்றபடி நன்றாக நடப்பார். ஒருவர் பிரிட்டன் பாஸ்போர்ட்காரர். ஓட்டுநரோடு வாடகை வண்டி.

இப்போதைய திட்டம்: மணாலியில் ஒரு இரவு, மறுநாள் நேராகச் சந்திரதால் ஏரிக் கூடாரம், பிறகு ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசாவில் மூன்று இரவு, தாபோ, கல்பா, சிம்லா வழியாகத் திரும்புவது. சரிவருமா? எதை விடலாம், எதை விடவே கூடாது?

பனிக்கோடு

இடங்கள் எல்லாம் சரி, வரிசைதான் தலைகீழ். மணாலி சுமார் 2,050 மீட்டர், சந்திரதால் 4,250-ஐ ஒட்டி. ஒரே பகலில் 2,200 மீட்டர் ஏறி அங்கேயே படுக்கப் போகிறீர்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தங்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. பகலில் எவ்வளவு ஏறி இறங்கினாலும் உடம்பு ஓரளவு தாங்கும். படுக்கும் உயரம்தான் கணக்கு. தலைவலி, வாந்தி இரவில் தொடங்கினால் சந்திரதாலில் இருந்து இறங்க இருட்டில் கல்லும் ஓடையுமான பாதை ஒன்றுதான் இருக்கிறது. 62 வயது என்பது இங்கே பெரிய விஷயமில்லை, உயரத்தால் வரும் இந்த நோய் 25 வயதுக்காரரையும் படுக்க வைக்கும்.

சிம்லா வழியாக உள்ளே போய் மணாலி வழியாக வெளியே வாருங்கள். முதல் நாள் சண்டிகரில் இருந்து நார்கண்டா (சுமார் 2,700 மீட்டர்). இரண்டாம் நாள் கல்பா (2,960), எதிரே கின்னர் கைலாஷ் மலைத்தொடர். மூன்றாம் நாள் தாபோ (3,280). பலர் அன்று நாகோவில் தங்குவார்கள். நாகோ 3,660 மீட்டர், கல்பாவில் இருந்து ஒரே தாவலில் 700. அதனால் நாகோவில் சாப்பிட்டு, ஏரியையும் பழைய கோம்பாவையும் (புத்த மடம்) பார்த்துவிட்டு, தாபோவுக்கு இறங்கிப் படுப்பது நல்லது. தூரம் 160 கிலோமீட்டரைத் தாண்டும், காலை 6 மணிக்குக் கிளம்பினால் முடியும். வழியில் காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லஜில் கலக்கிறது. பாலத்தருகே வண்டியை நிறுத்தி, இரண்டு தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள்.

நாலாம் நாள் காசா (சுமார் 3,650). தாபோவில் இருந்து 47 கிலோமீட்டர்தான், அதனால் நடுவில் தன்கருக்கு நேரம் தாராளமாக இருக்கிறது. காசாவில் மூன்று இரவு தங்கி, ஏழாம் நாள் குன்சும் கணவாய் தாண்டிச் சந்திரதால், எட்டாம் நாள் மணாலி, ஒன்பதாம் நாள் சண்டிகர். இந்த வரிசையில் சந்திரதாலுக்குப் போகும்போது நான்கு இரவு 3,000 மீட்டருக்கு மேல் படுத்து எழுந்திருப்பீர்கள்.

உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை அம்மாவுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தத்துக்குத் தருவதில் சிறுநீரைக் கூட்டும் வகை மாத்திரையும் உண்டு. அதோடு இதுவும் சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கும். சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்கள் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வழக்கமான அளவு 125 மில்லிகிராம் காலை, இரவு, ஏறுவதற்கு முந்தைய நாளில் இருந்து. அடிக்கடி சிறுநீர் வரும், விரல் நுனி மரத்துப்போகும், இரண்டும் எதிர்பார்க்க வேண்டியவை. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அந்த நேரமே இறங்க வேண்டும்.

சுவர்ச்சித்திரம்

விடவே கூடாதது தாபோ புத்த மடம். கி.பி. 996-இல் கட்டியது. வெளியே இருந்து பார்த்தால் வெறும் மண்சுவர், அதனால் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். பெரிய கோயிலுக்குள் சுவரில் ஆளுயரத்துக்கு மேலே வரிசையாகப் பொருத்திய சுதைச் சிற்பங்கள், அவற்றின் கீழும் மேலும் ஓவியங்கள். உள்ளே விளக்கு இல்லை என்றே சொல்லலாம்; கண் பழக ஐந்து நிமிடமாவது அசையாமல் நிற்க வேண்டும். படம் எடுக்க அனுமதி கிடையாது. ஆளுக்கு ஒரு சிறிய டார்ச் கொண்டுபோய், சுவரில் நேராக அடிக்காமல் சாய்வாகக் காட்டினால் சுதையின் மடிப்புகள் தெரியும். தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும், தடித்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் மாலை களைப்போடு போகாமல் நாலாம் நாள் காலையில் பாருங்கள்.

தன்கர் ஒரு காலத்தில் ஸ்பிட்டியின் தலைநகர். அரித்துப்போகும் மண்பாறை உச்சியில் நிற்கிறது பழைய மடம், கீழே ‘பின்’ என்ற ஆறு ஸ்பிட்டியோடு சேர்கிறது. மாடி அறைகளில் ஒரே நேரத்தில் அதிகம் பேர் ஏற விடமாட்டார்கள், கட்டடத்தின் நிலை அப்படி. மேலே உள்ள ஏரிக்கு ஒரு மணி நேர ஏற்றம். காசாவில் இன்னும் படுக்காத உடம்போடு அம்மா அன்று அதை ஏற வேண்டாம்.

காசாவில் முதல் முழு நாளுக்கு எல்லோரும் லாங்சா, ஹிக்கிம், கோமிக் என்று போடுவார்கள். மூன்றும் 4,400 மீட்டரும் அதற்கு மேலும். அதை இரண்டாம் நாளுக்குத் தள்ளிவிட்டு முதல் நாள் ‘பின்’ ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போங்கள். சாலை முடியும் முத் கிராமம் காசாவைவிடச் சற்றுத்தான் உயரம், போகும் வழியெல்லாம் பாறை அடுக்குகள் பாய் சுருட்டியது போல மடிந்து கிடக்கும். அங்குள்ள குங்க்ரி மடம் திபெத்திய பௌத்தத்தின் ஞிங்மா பிரிவைச் சேர்ந்தது. கீ, தாபோ, தன்கர் மடங்கள் மூன்றும் கெலுக் பிரிவு. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பு.

லாங்சாவில் சிறுவர்கள் அம்மோனைட் (சுருள் ஓட்டுக் கடலுயிர்) புதைபடிவங்களை விற்க வருவார்கள். டெத்திஸ் என்ற பழங்காலக் கடலின் அடித்தளமாக இருந்த மண் இது. கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமமும் இதே வகை அம்மோனைட்தான். தயவுசெய்து வாங்காதீர்கள், வாங்க ஆள் இருக்கும்வரை மலைச்சரிவைத் தோண்டிக்கொண்டே இருப்பார்கள்.

எதை விடலாம் என்றால் கியூ கிராமத்து மம்மியை. சும்தோ பக்கம் பிரதான சாலையில் இருந்து 8 கிலோமீட்டர் உள்ளே. கல்பாவில் இருந்து தாபோ வரும் நீண்ட நாளில் அதைச் சேர்த்தால் இருட்டிவிடும்.

வழித்துணை

பாஸ்போர்ட் விஷயத்தை யாரும் தொடவில்லை. இந்தியர்களுக்கு ஸ்பிட்டியில் அனுமதிச் சீட்டு வேண்டாம். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரருக்கு, கல்பாவுக்குக் கீழே உள்ள ரெக்காங் பியோவைத் தாண்டி சும்தோ வரையிலான எல்லையோரப் பகுதிக்கு வேண்டும். ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும் வேண்டும். சிம்லாவிலோ ரெக்காங் பியோவிலோ வாங்கலாம். பாஸ்போர்ட், விசா நகல், புகைப்படம் கையில் இருக்கட்டும். இரண்டாம் நாள் மாலை கல்பா வந்து சேரும்போது பியோ அலுவலகம் மூடியிருக்கும். மூன்றாம் நாள் காலை வாங்கினால் தாபோ வரை போக நேரம் போதாது. ஆகவே முதல் நாளே சிம்லாவில் முடியுங்கள், அந்த நாள் ஞாயிறாகவோ இரண்டாம் சனிக்கிழமையாகவோ விழாதபடி தேதி பாருங்கள்.

சந்திரதால் பற்றி ஒன்று. அது ஸ்பிட்டி ஆற்றின் ஏரி அல்ல, குன்சுமுக்கு மறுபுறம் சந்திரா ஆற்றைச் சேர்ந்தது. ராம்சார் (சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள) ஈரநிலம் என்பதால் கரையில் கூடாரம் போட முடியாது, முகாம்கள் சில கிலோமீட்டர் தள்ளி. செப்டம்பர் நடுவில் இரவுக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஆறாம் நாள் மாலை காசாவில் வைத்து முடிவெடுங்கள்: அம்மாவுக்குத் தலைவலி இல்லை, பசி இருக்கிறது, வானம் தெளிவு என்றால் போகலாம். மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் ஏரியை விட்டுவிட்டு, விடியற்காலை கிளம்பி நேராக மணாலி.

கார்த்திகைவிளக்கு

மிக்க நன்றி. சிம்லா வழியே என்று மாற்றிவிட்டேன். குன்சும் மூடிவிட்டால் என்ன செய்வது? பெட்ரோல், பணம்?

பனிக்கோடு

குன்சும் மூடினால் வந்த வழியே திரும்ப வேண்டும், காசாவில் இருந்து சண்டிகருக்கு இரண்டரை நாள். 2018 செப்டம்பர் கடைசி வாரப் பனிப்பொழிவில் லாஹௌல்-ஸ்பிட்டியில் நூற்றுக்கணக்கானோர் மாட்டினார்கள். அதனால் பத்தாம் நாள் ஒன்றைச் சண்டிகரில் கையிருப்பாக வைத்து, திரும்பும் விமானத்தை அதற்கு மறுநாள் போடுங்கள்.

குன்சும் தாண்டி மணாலிக்குப் போகும் வழியில் படால் முதல் கிராம்ஃபு வரை சுமார் 50 கிலோமீட்டர்தான், சாலை என்று சொல்ல முடியாத பாதை. நாலைந்து மணி நேரம் பிடிக்கும். குறுக்கே வரும் ஓடைகள் பனி உருகும் தண்ணீர், வெயில் ஏற ஏறப் பெருகும். காலை 11 மணிக்கு முன் தாண்டினால் டயர் அளவு, மாலையில் அதே ஓடை வண்டிக்குள் வரும். உயரம் குறைந்த கார் வேண்டாம் என்று வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எரிபொருளைப் பியோவுக்குக் கீழே போவாரியில் முழுக்க நிரப்பி, காசாவில் மறுபடி நிரப்புங்கள். அடுத்தது மணாலிப் பக்கம்தான். காசா ஏடிஎம்மில் பணம் தீர்ந்திருப்பது சகஜம், சிம்லாவிலேயே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். கிராமங்களில் சிக்னல் போனால் கைபேசியில் பணம் செலுத்துவதும் போகும்.

சுவர்ச்சித்திரம்

அம்மாவிடம் முன்பே சொல்ல வேண்டிய ஒன்று: கிராம வீடுகளில் தங்கினால் கழிப்பறை பெரும்பாலும் உலர் வகை. தண்ணீர் ஊற்றக் கூடாது, பக்கத்தில் குவித்திருக்கும் மண்ணையோ சாம்பலையோ ஒரு வாரி போட வேண்டும். அந்தக் குழி உரம்தான் அடுத்த ஆண்டு பட்டாணி வயலுக்குப் போகிறது, தண்ணீர் விழுந்தால் கெட்டுவிடும். தண்ணீர்க் குழாயோடு அறை வேண்டுமென்றால் தாபோ, காசா இரண்டிலும் கிடைக்கும். குழாய் இரவில் உறைந்துவிடலாம் என்பதால் படுக்கும் முன் ஒரு வாளி பிடித்து வையுங்கள்.