"இன்னைக்குக் கல்யாணி முடிஞ்சிடுச்சு": ஒலிப்பதிவு அறை அனுபவங்கள்

ஒலிப்பதிவாளர், பிரிக்பீல்ட்ஸ்:

நாதஸ்வரம் பதிவு செய்ய எந்த மைக் நல்லது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், கதை எங்கேயோ போய்விட்டது. நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மைக். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் நாதஸ்வரத்தின் அடியில் விரிந்த வாயான அணசுக்கு முன்னால் கொண்டுபோய் மைக்கை நீட்டுவார்கள். நானும் நீட்டியவன்தான். அணசு வழியாக நாதம் முழுசாக வருவது துளைகள் எல்லாம் மூடியிருக்கிற அடி ஸ்வரத்துக்கு மட்டும். மற்றதெல்லாம் விரல் திறக்கிற துளையிலிருந்தே கிளம்பும். அதனால் வாசிக்கிறவர் கைக்கு நேராக, ஐந்தாறு அடி தள்ளி, கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். ரிப்பன் மைக் இருந்தால் உத்தமம், வாயில் வைத்து ஊதுகிற சீவாளியின் கூர்மையை அது தணித்துக் கொடுக்கும். கிட்டத்தில் வைத்தால் 100 டெசிபெலைத் தாண்டி அடிக்கும், கெய்னை எவ்வளவு இறக்கினாலும் சிவப்பு விளக்கு அணையாது.

மைக் விஷயம் இவ்வளவுதான். தலைவலியெல்லாம் மற்ற இடங்களில் இருக்கிறது.

என் ஸ்டூடியோ கோலாலம்பூரில், ஒரு கடைவீட்டின் மாடியில். தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்து உருமி மேளப் பையன்கள் வரிசையில் நிற்பார்கள், தீபாவளி நெருங்கினால் பாட்டுக்காரர்கள். கோயில் நாதஸ்வரம் வருவது வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான். வருகிறவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து கோயில் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். உச்சிகால பூஜை முடிந்து நடை சாத்திய பிறகு வந்து, சாயரட்சைக்குள் திரும்பிவிட வேண்டும். எனக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம். அதிலும் கோலாலம்பூர் மழை தவறாமல் மூன்றரைக்கு வரும். என் பின்கட்டு தகரக் கூரை.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு குழு வந்தது. நாதஸ்வரம் இரண்டு, தவில் ஒன்று, தாளம் போட ஒரு சின்னப் பையன். நான் பாடப் புத்தகத்தில் படித்தபடி எல்லாவற்றையும் பிரித்து வைத்திருந்தேன். தவிலுக்குக் கண்ணாடி அறை, நாதஸ்வரத்துக்குப் பெரிய அறை, காதுக்கு ஹெட்போன். ஏர்கோன் 20 டிகிரி.

இந்த ஏர்கோன் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே 32, உள்ளே 20. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும், அதனால் ஊது வாத்தியத்தின் சுருதி இறங்கும். கணக்குப் போட்டால் 12 டிகிரிக்கு, ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வாசிக்கிறவரின் மூச்சுச் சூடு அதில் கொஞ்சத்தை மீட்டுக் கொடுக்கும். ஆனால் அதே அறையில் தவிலின் தோல் காய்ந்து இறுகும், சுருதி ஏறும். ஒன்று கீழே போகிறது, ஒன்று மேலே போகிறது. நடுவில் சுருதிப் பெட்டி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. நாதஸ்வரக்காரர்களில் மூத்தவர், அந்தப் பெரியவர், சீவாளியை மாற்றினார், இன்னொன்றை மாற்றினார், வாத்தியத்தில் நூல் கட்டித் தொங்குகிற அத்தனையையும் பார்த்தார். கடைசியில் "தம்பி, அந்தக் குளிரு மிஷினை நிறுத்துங்க" என்றார். நிறுத்தினோம். அன்றைக்கு எல்லாருக்கும் சட்டை நனைந்தது, சுருதி நின்றது.

சீவாளி காயக் கூடாது என்று ஒரு டேக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அதை வாயிலேயே வைத்திருப்பார். நான் கண்ட்ரோல் அறையிலிருந்து பேசுகிற டாக்பேக்கில் ஏதாவது கேட்டால் வாய் திறந்து பதில் சொல்ல முடியாது. "ஐயா, போகலாமா?" என்றால் ஷட்ஜத்தை, அதாவது ‘ஸ’வை, ஒரு தடவை ஊதுவார். சரி என்று அர்த்தம். "இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறீங்களா?" என்றால் ஏதோ ஒரு வக்கரித்த பிடி, பாதியில் அறுந்து நிற்கும். வேண்டாம் என்று அர்த்தம். அரைமணி நேரத்தில் எனக்கு அந்த பாஷை பிடிபட்டுவிட்டது.

தவில்காரருக்கு ஹெட்போன் ஒத்துவரவில்லை. காதில் கடுக்கன், அதன்மேல் ஹெட்போன் அழுத்துகிறது. ஒரு பக்கம் மட்டும் மாட்டிப் பார்த்தார், கையை ஓங்கினால் நழுவுகிறது. அதைவிடப் பெரிய குறை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியவரின் கன்னம் அவருக்குத் தெரியவில்லை. மூச்சை எங்கே எடுக்கிறார் என்று பார்த்தால்தானே எங்கே இடம் விடுவார் என்று தெரியும்? நாற்பது நிமிடம் போராடினோம். பிறகு ஒன்றும் பேசாமல் எழுந்தார், தவிலைத் தோளில் மாட்டினார், கதவைக் காலால் தள்ளிக்கொண்டு பெரிய அறைக்கு வந்து பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் கீழே மளிகைக் கடைக்கு ஓடி ஒரு பாய் வாங்கி வந்தேன்.

எல்லாரும் ஒரே அறை என்றால் எல்லா மைக்கிலும் எல்லாமும் விழும். அதிலும் மோசம் அந்தச் சின்னப் பையனின் தாளம். உள்ளங்கை அகலம் இல்லாத வெண்கலம், எட்டு மைக்கிலும் அதுதான் முதலில் கேட்கும். அவனைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வைத்தேன். முகம் தொங்கிப்போயிற்று, பாவம்.

கல்யாணி ராகத்தை ஆரம்பித்தார், மனசுக்கு வந்தபடி விரித்துக்கொண்டே போகிற ஆலாபனை. பன்னிரண்டு நிமிடம் வரை எனக்கு வேலையே இல்லை, கை ஃபேடரில் இருந்தது, அவ்வளவுதான். மேல் ஷட்ஜத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, தொடாமல், அதற்கு முந்தின நிஷாதத்திலேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். இதோ தொடப் போகிறார் என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அப்போது திரையில் ஒரு பெட்டி குதித்தது: டிஸ்க் நிரம்பிவிட்டது, பதிவு நின்றது.

முதல் நாள் ஒரு உருமிக் குழுவின் ஃபைல்களை நான் அழிக்கவில்லை. எட்டு டிராக், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 மெகாபைட் தின்னும். மிச்சம் இருந்தது ஒரு ஜிகாபைட். பதினாலு நிமிடத்துச் சொச்சம். கணக்குத் தெரிந்தவன், பார்க்கவில்லை.

அவர் முழுசாக வாசித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு உள்ளே போய்ச் சொன்னேன். தவில்காரர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. பெரியவர் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். "ஐயா, அதே மாதிரி இன்னொரு தடவை..." என்று நான் இழுத்தேன்.

"எதே மாதிரி?" என்றார்.

கோபமே இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். பாட்டு என்றால் நாலாவது வரியிலிருந்து எடுங்க என்று சொல்லலாம், வெட்டி ஒட்டலாம். ஆலாபனையில் எந்த இடத்திலிருந்து எடுக்கச் சொல்வது? தேநீர் வந்தது. குடித்தார். "இன்னைக்குக் கல்யாணி முடிஞ்சிடுச்சு தம்பி. தோடி வாசிக்கிறேன், மிஷினைப் பாத்துக்கங்க" என்றார். ஆல்பத்தில் இருப்பது அந்தத் தோடிதான். மழை தொடங்குவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் முடித்தார்.

மிருதங்கக்காரன், பெட்டாலிங் ஜெயா:

அண்ணே, எங்க பக்கத்துக் கதையையும் கேளுங்க. நீங்க டிஸ்க்கைத்தான் தொலைச்சீங்க. என் சமத்தையே, தாளம் தொடங்கற இடத்தையே, தொலைச்சவர் ஒருத்தர் இருக்கார்.

ஒரு பக்திப் பாட்டு ஆல்பம். பாடகி முந்தின நாளே பாடிட்டுப் போயிட்டாங்க, நான் மறுநாள் போய் மிருதங்கம் மட்டும் வாசிக்கணும். ஆதி தாளம், பாட்டோட எடுப்பு, அதாவது தொடக்கம், சமத்துலேர்ந்து அரை இடம் தள்ளி. அந்த ஸ்டூடியோக்காரர் ரொம்பச் சுத்தக்காரர். பாட்டு ஆரம்பத்துல காலியா ஒரு துண்டு இருக்கேன்னு அதை வெட்டி எடுத்துட்டு, முதல் எழுத்தைக் கொண்டுபோய் சரியா, ஹெட்போன்ல தாளம் எண்ணுற க்ளிக்கோட தலையில உட்கார வெச்சுட்டார். எனக்கு உதவியா இருக்கட்டும்னு ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும், தாளத்தோட ஒரு முழுச் சுத்துக்கும், "டிங்"னு ஒரு மணி வேற.

ஹெட்போனை மாட்டினேன். கை ஒரு பக்கம் போகுது, மணி ஒரு பக்கம் அடிக்குது. முதல் தடவை நான்தான் தப்பு விட்டேன்னு நெனச்சேன். ரெண்டாவது தடவை நிறுத்திட்டு, "சார், முன்னாடி இருந்த அரை இடம் எங்க?"ன்னு கேட்டேன். "அது சைலன்ஸ், தூக்கிட்டேன்"னார். தாளம் போட்டுக் காட்டி, அந்தச் சைலன்ஸ்தான் சார் சமம்னு புரிய வைக்க ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கும் வாடகை எழுதிட்டார்ங்கிறது வேற விஷயம்.

ஏர்கோன் பத்திச் சொன்னீங்களே, அது நூத்துக்கு நூறு. தொப்பியில, அதாவது மிருதங்கத்தோட இடது பக்கத்துல, ஒட்டற ரவை அந்தக் குளிர்ல அரைமணிக்கு ஒரு தரம் காஞ்சு உதிருது. திரும்பப் பிசைஞ்சு ஒட்டணும். வலது பக்கம், வலந்தலை, சுருதி ஏறிப் போகுது, கல்லால தட்டித் தட்டி இறக்கணும். கார்ப்பெட்ல ரவை சிந்தினதுக்கு இன்னொரு இடத்துல திட்டும் வாங்கியிருக்கேன். இப்பல்லாம் நானே பழைய லுங்கி ஒண்ணு கொண்டுபோய் விரிச்சுக்கறேன்.

வீணை ஆசிரியை, பினாங்கு:

இங்கே பெண்கள் யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். நான் பாயான் லெப்பாஸில் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு தடவை கோலாலம்பூரில் ரெக்கார்டிங் என்று வீணையைக் காரில் படுக்க வைத்து நெடுஞ்சாலையில் கிளம்பினேன். தாப்பா ஓய்விடத்தில் சாப்பிட நிறுத்தினோம். நிழல் கிடைக்கவில்லை. சாப்பாடு, பிறகு பேத்திக்கு ஐஸ்கிரீம், முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

வீணையில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் கம்பியை அழுத்துகிற 24 மெட்டும் மெழுகில்தான் நிற்கின்றன என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். வெயிலில் மூடிக் கிடந்த கார் என்ன செய்யும் என்பதும் தெரியும். எனக்கும் தெரியும்! இருந்தும் விட்டுவிட்டுப் போனேன். ஸ்டூடியோவில் சுருதி சேர்க்கும்போது ஒன்றும் தெரியவில்லை. மேல் ஸ்தாயி போனதும் அந்தப் பையன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து "டீச்சர், மேலே போறப்போ அந்த ஒரே ஒரு ஸ்வரம் கொஞ்சம் தூக்கலா இருக்கு, வேணும்னே செய்றீங்களா?" என்று கேட்டான். வேண்டுமென்று செய்வேனா! ஒரு மெட்டு நகர்ந்திருந்தது, ஒரு மயிரிழை. என் காது பயணக் களைப்பில் அதை விட்டுவிட்டது, அவன் காது விடவில்லை.

நகர்த்தலாம் என்றால் அதற்குள் அந்தக் குளிரில் மெழுகு கல்லாகிவிட்டது. அவன் கீழே இருந்த சலூனில் போய் ஹேர் டிரையர் வாங்கி வந்தான். அவன் காற்றடிக்க, நான் கட்டைவிரலால் மெட்டை அழுத்த, அவன் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டுக் கேட்டு "இன்னும் கொஞ்சம்... போதும் டீச்சர்" என்று சொல்ல, ஒரு வழியாக நின்றது. சலூன்காரப் பெண்ணும் மேலே வந்து நின்று வேடிக்கை பார்த்தாள். அவளுக்காக ஒரு பாட்டு வாசித்தேன், ரெக்கார்டிங்கில் சேராத பாட்டு.

என் மீட்டு நகம் கம்பியில் உரசும் சத்தத்தை நீக்கிவிடட்டுமா என்று அவன் கேட்டான். நீக்காதே என்று சொன்னேன். அது இல்லாவிட்டால் வீணை கீபோர்டு மாதிரி ஆகிவிடும்.

தப்புக்காரர் பேரன், செந்தூல்:

எங்க தாத்தா தோட்டத்துல தப்பு அடிச்சவர். ஒரு ஆவணப் பதிவுக்குக் கூப்பிட்டாங்க. தோல் தப்பு, காய்ச்சாம அடிச்சா சாக்குல அடிக்கிற மாதிரி இருக்கும். ஸ்டூடியோ உள்ளேயே தாத்தா பேப்பரைக் கொளுத்தப் போயிட்டார். நல்ல வேளை, மேலே இருந்த புகை அலாரத்தைக் காட்டி நான் பிடிச்சுட்டேன். பின்சந்துல போய், குப்பைத் தொட்டி பக்கத்துல பழைய செய்தித்தாள் வெச்சுக் காய்ச்சினோம். பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடைக்காரர் தீயைப் பார்த்துட்டு வாளியில தண்ணியோட ஓடி வந்தார். எனக்கு ஆச்சரியம் என்னன்னா, வெளியில பத்து நிமிஷத்துல தொய்யற தோல், ஏர்கோன் ரூம்ல ரொம்ப நேரம் நின்னுச்சு. ஈரம் இல்லாத காத்து. தாத்தாவுக்கு மட்டும் ஏர்கோன் புடிச்சுப்போச்சு.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணே, ஒரு கேள்வி. அந்தக் கல்யாணி ஒரேடியா போயிடுச்சா? பதினாலு நிமிஷமாவது இருக்கும்ல?

ஒலிப்பதிவாளர், பிரிக்பீல்ட்ஸ்:

தம்பி, அந்த ஃபைல் திறக்கவில்லை. நின்ற வேகத்தில் கெட்டுப்போய்விட்டது. இரண்டு நாள் முயன்றேன்.

ஆனால் ஆலாபனைக்குத் தாளம் கிடையாது, இல்லையா? சுவரைப் பார்க்கத் திருப்பி உட்கார வைத்த பையனுக்கு அந்த நேரம் வேலை இல்லை. ஊரில் இருக்கிற அம்மாவுக்கு அனுப்பலாம் என்று கைபேசியில் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு வாரம் கழித்து எனக்கும் அனுப்பினான். படத்தில் முக்கால்வாசி நேரம் என் சுவரின் நுரைப்பஞ்சு தெரிகிறது. ஒலி ஒற்றை டிராக், நாதஸ்வரம் ஏறும்போதெல்லாம் கரகரக்கிறது, அவன் மூச்சும் கேட்கிறது. ஆனால் முழுசாக இருக்கிறது. அந்த மேல் ஷட்ஜத்தை அவர் பதினேழாவது நிமிடத்தில்தான் தொடுகிறார். அதற்கு இரண்டு நிமிடத்துக்கும் மேலே முன்னால், கண்ட்ரோல் அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, மெதுவாக, "ஐயோ" என்று ஒரு குரல். அது நான்.