பழைய கண்மாய் வரைபடமும் கிராம எல்லை ஷேப்ஃபைலும் வேண்டும்: பல்கலை நூலகத் தளங்களில் எப்படித் தேடுவது?

முதுகுளத்தூரான் கேட்டது:

வணக்கம். நான் ஆய்வு மாணவன். முதுகுளத்தூர், பரமக்குடி பக்கத்துக் கண்மாய்கள் கடந்த அறுபது எழுபது வருடத்தில் எவ்வளவு சுருங்கியிருக்கின்றன, எந்த வரத்துக்கால் அடைபட்டது, எது பட்டா நிலமாகவே மாறிப்போனது என்று பார்ப்பதுதான் வேலை. இப்போதைய நிலைக்குச் செயற்கைக்கோள் படம் தாராளமாகக் கிடைக்கிறது, அதில் பிரச்சினை இல்லை. பழையதுதான் சிக்கல். எங்கள் கல்லூரியில் டோப்போ ஷீட் (நில அளவை வரைபடத் தாள்) ஒன்றிரண்டு இருக்கிறது, மடித்த இடத்தில் கிழிந்து, பாதி எழுத்து தெரியவில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களில் இந்தியா பற்றிய பழைய வரைபடங்கள் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், கிராம எல்லை ஷேப்ஃபைல் (கணினி வரைபடத்தில் ஏற்றக்கூடிய எல்லைக் கோப்பு) கூட இருக்கிறது என்று ஒரு சீனியர் சொன்னார். போய்த் தேடினால் புத்தகப் பட்டியலும் கட்டுரையும்தான் வந்து விழுகிறது. ஒரு இடத்தில் நான் தேடிய கிராம எல்லையே வந்தது, கிளிக் செய்தால் பல்கலைக்கழக லாகின் கேட்கிறது. வெளியாட்கள் எடுக்கக்கூடியது எது, எடுக்க முடியாதது எது என்று முதலிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா? எங்கிருந்து தொடங்கலாம் என்று யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நிலவரை எழுதியது:

தம்பி, நூலகத்தின் சாதாரண கேட்டலாக்கில் தேடினால் புத்தகம்தான் வரும். வரைபடத்துக்கும் ஜிஐஎஸ் தரவுக்கும், அதாவது கணினி வரைபடத் தரவுக்கும், பெரிய பல்கலை நூலகங்கள் தனியாக ஜியோபோர்ட்டல் என்ற தேடுதளம் வைத்திருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டுடையது எர்த்வொர்க்ஸ். நியூயார்க் பல்கலை, பெர்க்லி, ஹார்வர்ட் எல்லாருக்கும் இதுபோல ஒன்று உண்டு. முதலில் எர்த்வொர்க்ஸுக்குப் போங்கள், ஏனென்றால் பல நூலகங்கள் தங்கள் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன, மற்ற பல்கலைகளின் சரக்கும் அங்கேயே சேர்ந்து வரும்.

அங்கே போனதும் பெயரைத் தட்டாதீர்கள். மேப்பில் உங்கள் பகுதிக்குப் பெரிதாக்கி, அந்தச் சதுரத்துக்குள் இருப்பதைத் தேடு என்று கொடுங்கள். உங்களுக்கு வேண்டியது ஏறக்குறைய கிழக்கே 78 முதல் 79 பாகை வரை, வடக்கே 9 முதல் 10 பாகை வரை. பெயரை வைத்துத் தேடினால் ராம்நாட், ராமநாதபுரம், மதுரா, மதுரை என்று ஒவ்வொரு காலத்து ஆளும் ஒவ்வொரு மாதிரி எழுதி வைத்திருப்பான், பாதி தப்பிவிடும். சதுரம் போட்டால் தப்பாது. ஒரே தொல்லை, உலக வரைபடமும் ஆசிய வரைபடமும் கூடவே வரும், அதைப் பக்கத்தில் இருக்கும் வடிகட்டிகளில் ஆண்டு, வகை வைத்துக் கழித்துவிடலாம்.

அடுத்தது நீங்கள் கேட்ட லாகின் விஷயம். ஒவ்வொரு பதிவிலும் பொதுவா, கட்டுப்படுத்தப்பட்டதா என்று போட்டிருக்கும், பூட்டுக் குறியும் இருக்கும். வடிகட்டியில் முதலிலேயே பொது என்பதை மட்டும் தேர்ந்தெடுத்துவிடுங்கள். இந்தியக் கிராம எல்லைகளில் பெரும்பகுதி தனியார் நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கியது, ஒப்பந்தப்படி அந்தந்தப் பல்கலை ஆட்களுக்கு மட்டும்தான். நண்பர் ஒருவரின் லாகினை வாங்கி இறக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம், நாளைக்கு ஆய்வேட்டில் தரவு எங்கிருந்து வந்தது என்று எழுத முடியாமல் நிற்பீர்கள்.

அதற்குப் பதிலாக இரண்டு வழி இருக்கிறது. கொலம்பியா பல்கலையின் சீசின் மையம் நடத்திவந்த நாசாவின் செடாக் தரவு மையம், 1991, 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைக் கிராம அளவில் எல்லையோடு சேர்த்து இலவசமாக வெளியிட்டது. நாசாவின் எர்த்டேட்டாவில் இந்தியக் கிராம அளவு சமூகப் பொருளாதாரத் தரவு என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். இன்னொன்று ஷ்ரக், டெவலப்மென்ட் டேட்டா லேப் வெளியிடுவது. அதில் பல கணக்கெடுப்புகளுக்கிடையே கிராமங்களைப் பொருத்தியே வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் ஊர் எல்லை அங்கங்கே பிசகியிருக்கும், வருவாய்த் துறை வரைபடத்தோடு சில ஊர்களையாவது ஒப்பிட்டுப் பார்க்காமல் கணக்கில் இறங்காதீர்கள்.

பழைய வரைபடத்துக்கு டெக்சஸ் பல்கலையின் பெரி காஸ்டனெடா நூலகம். லாகின், பதிவு எதுவும் கிடையாது, படத்தை நேரே இறக்கலாம். அமெரிக்க ராணுவத்தின் ஆர்மி மேப் சர்வீஸ் போட்ட யு502 வரிசை, 1:250,000 அளவு, இந்தியாவுக்கு இருக்கிறது. முதலில் இண்டெக்ஸ் படத்தைத் திறந்து உங்கள் ஊர் எந்தத் தாளில் விழுகிறது என்று பாருங்கள், உங்கள் பக்கமெல்லாம் என்சி 44 என்று தொடங்கும். ராமநாதபுரம் பக்கம் நீலத் திட்டுகளாகக் கண்மாய்கள் நெருக்கி நிற்பது அதில் நன்றாகவே தெரியும். 1950-களின் நிலை உங்களுக்கு அதிலேயே கிடைத்துவிடும்.

சேதுச்சீமை எழுதியது:

நிலவரை சொன்னதில் கடைசி வரியை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், இந்த ஆய்வுக்கு அது ரொம்ப முக்கியம். யு502 தாள்கள் 1950-களில் அச்சானவை, சரி. ஆனால் அமெரிக்கர்கள் இங்கே வந்து நிலம் அளக்கவில்லை. நம் நாட்டு நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள்களை வைத்துத்தான் தொகுத்தார்கள். அந்தப் பழைய தாளின் நில அளவை இன்னும் பத்து முப்பது வருடம் முந்தியதாக இருக்கலாம். தாளின் ஓரத்தில் எந்தப் பகுதி எந்த மூலத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு சிறு கட்டம் இருக்கும், பொடி எழுத்து. அதைப் படிக்காமல் 1955-ல் கண்மாய் இவ்வளவு இருந்தது என்று எழுதிவிட்டால், சுருங்கிய காலமே மாறிப்போகும். உண்மையில் 1930-க்கு முன்பே போன ஒரு கண்மாயை நாம் பசுமைப் புரட்சிக் கணக்கில் எழுதிவிடுவோம். அச்சு ஆண்டு வேறு, அளவை ஆண்டு வேறு. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் பதிந்து வையுங்கள்.

மாவட்ட எல்லையிலும் இதே கவனம் வேண்டும். சிகாகோ பல்கலையின் டிஜிட்டல் சவுத் ஏஷியா லைப்ரரியில் இம்பீரியல் கெசட்டியர் அட்லஸின் 1909 பதிப்பும் 1931 பதிப்பும் இரண்டுமே இருக்கின்றன. ராமநாதபுரம் மாவட்டம் உருவானதே 1910-ல், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து. அதனால் 1909 அட்லஸில் அப்படியொரு மாவட்டத்தைத் தேடினால் கிடைக்காது. பிறகு 1985-ல் அது ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று மூன்றாகப் பிரிந்தது. 1981 கணக்கெடுப்பின் மாவட்டப் புள்ளியையும் 1991 புள்ளியையும் பக்கத்தில் வைத்துப் பாசனப் பரப்பு குறைந்துவிட்டது என்று எழுதிய கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது. குறைந்தது மாவட்டத்தின் பரப்பு ஐயா.

அதே சிகாகோ தளத்தில் ஸ்வார்ட்ஸ்பெர்க்கின் தெற்காசிய வரலாற்று அட்லஸும் முழுதாக இருக்கிறது. கண்மாய்க்கு அது உதவாது, ஆனால் முன்னுரை எழுதும்போது தேவைப்படும்.

முதுகுளத்தூரான்:

நிலவரை அண்ணா, சேதுச்சீமை ஐயா, இருவருக்கும் நன்றி. யு502 தாளை இறக்கிவிட்டேன், ஓரத்துக் கட்டத்தையும் பார்த்தேன், ஐயா சொன்னபடியே மூலம் பழையதுதான். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, மூலைகளில் இருக்கும் அட்சரேகை தீர்க்கரேகையை வைத்து ஜியோரெஃபரன்ஸ் செய்து, அதாவது நிலத்தில் அதற்குரிய இடத்தில் பொருத்தி, கூகுள் படத்தின் மேல் போட்டால் எல்லாமே ஏறக்குறைய கால் கிலோமீட்டர் ஒரே பக்கமாகத் தள்ளி நிற்கிறது. ரயில் பாதையும் சேர்ந்தே தள்ளியிருக்கிறது. தாளே அப்படியா, இல்லை அமைப்பில் ஏதாவது மாற்ற வேண்டுமா? சின்னக் கண்மாய்கள் பல அதில் காணவும் இல்லை.

புள்ளியும் கோடும் எழுதியது:

எல்லாம் ஒரே பக்கமாக ஒரே அளவு தள்ளியிருந்தால் தாளில் குற்றமில்லை. பூமியின் வடிவத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதில்தான் வேறுபாடு: பழைய இந்தியத் தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டக் கணக்கில் வரைந்தவை, கூகுள் படம் டபிள்யூஜிஎஸ் 84 என்ற கணக்கில். நம் பக்கம் இரண்டுக்கும் இடையே இருநூறு மீட்டருக்கு மேலேயே வரும். மூலைப் புள்ளிகளைக் கொடுக்கும்போது கல்யாண்பூர் 1975 என்ற ஆயத்தொலை அமைப்பைத் தேர்ந்தெடுங்கள், மென்பொருள் பட்டியலில் அதன் இபிஎஸ்ஜி எண் 4146, பிறகு கியூஜிஐஎஸ்ஸே மாற்றிக்கொள்ளும். அதன்பிறகும் மாறாமல் இருக்கக்கூடிய இடங்கள் சிலவற்றை வைத்துச் சரிபாருங்கள்: கோயில், ரயில் பாதை சாலையைக் கடக்கும் இடம், பழைய பாலம். கண்மாய்க் கரையின் மூலையைக் கட்டுப்பாட்டுப் புள்ளியாக வைக்கவே கூடாது, நீங்கள் அளக்கப்போவதே அது மாறியதா என்றுதானே.

1:250,000 தாளில் 1 மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 250 மீட்டர். ஊர்க் கண்மாய் பலவும் அந்தக் கோட்டுத் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே இந்தத் தாளை வைத்து ஹெக்டேர் கணக்கு எழுதாதீர்கள், பெரிய கண்மாய் இருந்ததா இல்லையா என்பதற்கு மட்டும் சாட்சியாக வையுங்கள். பரப்பு கணக்கிட வேண்டுமென்றால் ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்ற பழைய தாள், அதாவது 1:63,360, அல்லது பிந்தைய 1:50,000 வேண்டும். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள் எண்படி முதுகுளத்தூர் 58 கே/11-ல் விழும், பரமக்குடி 58 கே/10. இந்த எண்ணை வைத்துக் கேட்டால்தான் நூலகத்தில் உடனே புரியும். சர்வே ஆஃப் இந்தியாவின் இப்போதைய ஓப்பன் சீரிஸ் தாள்களுக்கு எண் முறை வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நூலகத்துக்கு வெளியே ஒன்று சொல்கிறேன், உங்கள் வேலைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை: கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள். 1960 முதல் 1972 வரை எடுத்தவை, 1995-ல் ரகசியம் நீக்கினார்கள். அமெரிக்க நிலவியல் துறையின் எர்த் எக்ஸ்புளோரரில் இலவசக் கணக்கு தொடங்கித் தேடலாம். ஏற்கெனவே யாரோ காசு கட்டி ஸ்கேன் செய்த ஃபிலிம் சுருள் இலவசம், செய்யாததற்குக் கட்டணம், அப்புறம் அது எல்லாருக்கும் இலவசமாகிவிடும். பிந்தைய சுற்றுகளில் தெளிவு சுமார் 2 மீட்டர், கரையும் கலுங்கும் வரத்துக்காலும் தனித்தனியாகத் தெரியும். அர்கன்சாஸ் பல்கலை இதே படங்களைத் திருத்தி அட்லஸாக வைத்திருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் மேற்காசியா, நமக்கு நாமே திருத்திக்கொள்ள வேண்டும். எடுத்த மாதத்தை அவசியம் பாருங்கள். ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு எடுத்ததையும் சித்திரையில் எடுத்ததையும் ஒப்பிட்டால் எல்லாக் கண்மாயும் சுருங்கியதாகத்தான் தெரியும்.

ஏடகம் எழுதியது:

நான் நூலகத்தில் வேலை செய்பவள், அதனால் ஒன்று சேர்க்கிறேன். இணையத்தில் இல்லை என்பதால் நூலகத்திலேயே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்கேன் ஆனது கொஞ்சம்தான், தாளாக அடுக்கில் இருப்பது அதைவிட அதிகம். விஸ்கான்சின் மில்வாக்கி பல்கலையில் இருக்கும் அமெரிக்கன் ஜியாகிரபிக்கல் சொசைட்டி நூலகம் பத்து லட்சத்துக்கு மேல் பொருட்கள் கொண்டது, 1978-ல் நியூயார்க்கிலிருந்து அங்கே போனது. இதுபோன்ற இடங்களுக்கு மேப் லைப்ரேரியன் என்று தனி ஆள் உண்டு, மின்னஞ்சல் முகவரி அவர்கள் பக்கத்திலேயே இருக்கும்.

எழுதும்போது சுருக்கமாக எழுதுங்கள். வரிசையின் பெயர், தாள் எண் 58 கே/10, 58 கே/11, என்ன அளவு, எந்த ஆண்டுக்கு முந்திய பதிப்பு, எதற்காக. இந்தியாவின் பழைய வரைபடம் ஏதாவது இருக்கிறதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அவர்களும் பொதுவாகத்தான் பதில் போட முடியும். ஒரே தாளின் பல பதிப்புகள் இருந்தால் எல்லாவற்றின் ஓரக் குறிப்பையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், சேதுச்சீமை ஐயா சொன்ன அளவை ஆண்டு அதில்தான் இருக்கும். ஸ்கேனுக்குக் கட்டணம் உண்டா என்பதையும் முதல் கடிதத்திலேயே கேளுங்கள். சில நூலகங்கள் தங்களிடம் எந்தத் தாள் இருக்கிறது, எது இல்லை என்பதை ஓப்பன்இண்டெக்ஸ்மேப்ஸ் முறையில் மேப்பாகவே போட்டிருக்கின்றன, கட்டத்தைக் கிளிக் செய்தாலே தெரியும், அங்கே பார்த்துவிட்டு எழுதினால் ஒரு சுற்று மிச்சம்.

கடலோரத் தாள்கள் முன்பு இங்கே பாதுகாப்புக் காரணத்தால் எளிதில் கைக்கு வராதவை, உங்கள் மாவட்டம் அதில் நிறைய மாட்டும். அதனால் நம் ஊரில் அலைந்தும் கிடைக்காத சில தாள்கள் வெளியே கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. கூடவே சென்னையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் செட்டில்மென்ட் (நிலவரி நிர்ணயப்) பதிவேடுகளையும் கேட்டுப் பாருங்கள். வரைபடத்தில் விட்டுப்போன சின்னக் கண்மாய்க்குப் பதிவேட்டில் பெயரும் ஆயக்கட்டும் இருக்கும்.

முதுகுளத்தூரான்:

அக்கா, மிக்க நன்றி. 4146 கொடுத்ததும் ரயில் பாதை போய்ச் சரியாக உட்கார்ந்துவிட்டது. தாள் எண் போட்டு மில்வாக்கிக்கு இன்று எழுதுகிறேன். கொரோனா படத்தில் எங்கள் பகுதிக்கு ஸ்கேன் ஆன சுருள் ஏதாவது யாரேனும் ஏற்கெனவே எடுத்திருந்தால் தேதியையும் சுருள் எண்ணையும் இங்கே போடுங்கள், ஒரே படத்துக்கு இரண்டு பேர் காசு கட்ட வேண்டாம்.