நைட் சிஃப்டில் இருப்பவர் தினமும் வேதம் வாசித்து ஜெபிப்பது எப்படி?

கேள்வி – பாயான் லெப்பாஸ் சிஃப்டு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மலேசியாவில், பினாங்கு பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை. 12 மணி நேர சிஃப்டு, இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. சபையில் கேட்டால் "அதிகாலையில் எழுந்து ஜெபி தம்பி" என்கிறார்கள். நைட் வாரத்தில் அதிகாலை 5 மணிக்கு நான் மெஷின் முன்னால் நிற்கிறேன். ஒரே வருடத்தில் முழு வேதாகமம் என்று தொடங்கினால் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தோடு நின்றுவிடுகிறது. உபவாசம் இருக்கவும் ஆசை, ஆனால் இனிப்பு நீருக்கு (சர்க்கரை நோய்க்கு) மாத்திரை சாப்பிடுகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1 – ஜெலுத்தோங் அக்கா

தம்பி, மணியைப் பார்க்காதீங்க, தூக்கத்தைப் பாருங்க. தூங்கி எழுந்ததும் வரும் முதல் அரை மணி நேரம்தான் உங்கள் 'அதிகாலை'. நைட் வாரத்தில் அது மாலை நாலரையாக இருந்தாலும் பரவாயில்லை. இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்ததை மாற்கு 1:35 சொல்கிறது. அவரே இராமுழுவதும் ஜெபித்ததை லூக்கா 6:12 சொல்கிறது. 134-ஆம் சங்கீதம் இரவில் ஆலயத்தில் நிற்கும் ஊழியக்காரருக்கென்றே எழுதப்பட்டது. மூன்றே வசனம். நைட் சிஃப்டுக்குக் கிளம்பும்போது மனப்பாடமாகச் சொல்லலாம்.

எழுந்ததும் முகம் கழுவி, ஒரு கப் தண்ணீர் குடித்து, 20 நிமிடம் உட்காருங்கள். 2 நிமிடம் அமைதி, 10 நிமிடம் வாசிப்பு, மீதி ஜெபம். கட்டிலில் வேண்டாம், நாற்காலியில். அச்சிட்ட வேதாகமம் வைத்துக்கொள்ளுங்கள். போனில் திறந்தால் வாட்சாப் செய்தி ஒன்று போதும், அந்த 20 நிமிடமும் போச்சு.

நிறைய பேர் தவறுவது வேலை முடிந்து வரும்போதுதான். ஃபேக்டரி பஸ்ஸில் இறங்கி, ரொட்டி சானாய் சாப்பிட்டு, "இனி வாசிச்சிட்டுத் தூங்கலாம்" என்று உட்காருவார்கள். இரண்டாவது வசனத்திலேயே கண் சொக்கும். அப்புறம் குற்ற உணர்ச்சி, நாலு நாளில் எல்லாமே நின்றுபோகும். அந்த நேரத்தில் வாசிக்கவே வேண்டாம். படுக்கும் முன் பரமண்டல ஜெபம், நன்றி சொல்ல ஒரு காரியம், போதும்.

பதில் 2 – பட்டர்வொர்த் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்

லேவியராகமத்தில் நிற்பது விசுவாசக் குறைவு இல்லை, கணக்குக் கோளாறு. ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40. நாளுக்கு 3 என்று ஜனவரி 1-இல் தொடங்கினால், சரியாக ஜனவரி 31-இல் லேவியராகமம் வரும். அதற்கு முன்பே யாத்திராகமம் 25-இலிருந்து ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள். அங்கேயே வேகம் குறைந்திருக்கும். இரண்டு நாள் விட்டால் 6 அதிகாரம் கடன், ஒரு வாரம் விட்டால் 21. கடனை அடைக்க ஓடும்போது வாசிப்பு வெறும் பக்கம் புரட்டலாகிவிடும்.

புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரம் 5 என்றால் 52 வாரம், சரியாக ஒரு வருடம். வாரத்தில் இரண்டு நாள் சும்மா இருக்கும். சிஃப்டு மாறும் நாளுக்கும் ஓவர்டைம் விழும் நாளுக்கும் அவை போகட்டும். தேதி போட்ட அட்டவணை வேண்டாம், வாரக் கணக்கு மட்டும். ஒரு வாரம் முழுதும் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள், கடன் கிடையாது.

முதலில் மாற்கு, நான்கு சுவிசேஷங்களில் சின்னது, 16 அதிகாரம். அடுத்து லூக்காவும் அப்போஸ்தலருடைய நடபடிகளும் ஒரே மூச்சாக, இரண்டையும் எழுதியவர் ஒருவரே. பழைய ஏற்பாட்டின் 929 அதிகாரங்கள் அப்புறம். வாரம் 6 என்றால் மூன்று ஆண்டு ஆகும். ஆகட்டுமே.

பதில் 3 – புக்கிட் மெர்தாஜாம் கத்தோலிக்கர்

ஐயா சொன்ன கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் அளவை மட்டும் பிடித்துக்கொண்டால் வாசிப்பு வேறு, ஜெபம் வேறு என்று பிரிந்துவிடும். எங்கள் பக்கம் பழைய முறை ஒன்று உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற கார்தூசியன் துறவி இதை நான்கு படிகளாக எழுதிவைத்தார்: வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், ஆண்டவர் முன் அமைதியாக இருத்தல்.

எட்டுப் பத்து வசனம் எடுங்கள். வாய்விட்டு மெதுவாக இரண்டு முறை வாசியுங்கள். மனதில் தைக்கும் சொல்லில் நின்று, அதையே ஜெபமாக்குங்கள். பிறகு பேச்சை நிறுத்துங்கள். இதில் வரும் கோளாறு, வசனம் தைத்ததும் "இதை இன்னாருக்கு அனுப்பலாமே" என்று தோன்றுவது. குடும்ப குரூப்பில் போட்ட பிறகு அது நமக்கு வந்த வார்த்தை என்பதே மறந்துபோகும்.

வாரத்தில் நான்கு நாள் ஐயா சொன்னபடி, ஆஃப் நாளில் ஒருமுறை இப்படி என்று வைத்துக்கொள்ளலாம்.

பாயான் லெப்பாஸ் சிஃப்டு

நன்றி. அப்போ உபவாசம்?

பதில் 4 – பிரிக்பீல்ட்ஸ் நர்ஸ்

முதலில் மாத்திரையின் பெயரைப் பாருங்கள் தம்பி. மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் சர்க்கரை சட்டென்று இறங்கும் ஆபத்து குறைவு. கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ இருந்தால், சாப்பாட்டைத் தவிர்க்கும்போது சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்கில்) கேளுங்கள். ரமலான் நோன்புக்காக மாத்திரை நேரத்தை மாற்றித் தருவது அவர்களுக்குப் பழகிப்போன வேலை, கிறிஸ்தவர் கேட்டாலும் அதே மருத்துவம்தான். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். நடுக்கமோ வியர்வையோ வந்தாலோ, சோதிக்கும்போது சர்க்கரை 4 mmol/L-க்குக் கீழே காட்டினாலோ, உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிட்டு உபவாசத்தை முடிக்க வேண்டும். அதில் பாவம் ஒன்றுமில்லை.

சிஃப்டு நாளில் மெஷின் பக்கத்தில் உபவாசம் வேண்டவே வேண்டாம், ஆஃப் நாளில் வையுங்கள். டாக்டர் சரி என்றால் ஒரு வேளை மட்டும் விட்டுப் பாருங்கள். தண்ணீர் நிறைய குடியுங்கள். வெறும் வயிற்றில் கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) குடித்தால் கேஸ்ட்ரிக் கிளம்பும். தினமும் கோப்பி குடிப்பவருக்கு உபவாச நாளில் வரும் தலைவலிக்குப் பெரும்பாலும் பசி காரணமில்லை, கோப்பி நின்றதுதான் காரணம். மூன்று நாலு நாள் முன்பே குறைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் வேண்டாம் என்றால் சாப்பாட்டைத் தொடாமல் வேறெதையாவது விடலாம். கன்டீனில் குடிக்கும் தே தாரேவை (ஆற்றிய பால் டீயை) ஒரு வாரம் நிறுத்தி அந்தக் காசை இல்லாதவருக்குக் கொடுங்கள். கத்தோலிக்க ஒழுங்கில்கூட நோன்புக் கடமை 18 முதல் 59 வயது வரைதான், நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. விட்ட சாப்பாட்டு நேரத்தில் ஜெபிக்காமல் போனைப் பார்த்தால் அது வெறும் டயட்.

பதில் 5 – ஜெலுத்தோங் அக்கா

ஒன்று விட்டுப்போச்சு. ஜெபிக்க வார்த்தையே வராத நாளில் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம் 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குக் காலை, மாலை என்று 60 பங்காகப் பிரித்திருக்கிறது. உங்களுக்கு எழுந்ததும் ஒன்று, சிஃப்டின் இடைவேளையில் ஒன்று. ஞாயிறு ஆராதனை தவறும் வாரங்களை ரோஸ்டர் வந்ததுமே பாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். திருவிருந்தை வேறு நாளில் கொடுக்க முடியுமா என்றும் அப்போதே கேளுங்கள்.