தக்கலை வீட்டுக் குழுவில் கோரைக்கிழங்கு

ராஜன் சித்தப்பா, காலை 6:40
(பலமுறை பகிரப்பட்டது) கரண்ட் (கதிர் சிகிச்சை) வைத்தால் புற்றுநோய் சாகாது! நோயின் 'தாய் செல்' கதிரையே தின்று வளரும்! டாக்டர்கள் மறைக்கும் உண்மை! பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!

பெரியம்மா, 6:52
ராஜா, உன் அண்ணனும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார். நேற்றோடு 19 கரண்ட் முடிந்தது. இன்னும் 11 இருக்கிறது. இப்போதா இதை அனுப்புவது?

ராஜன் சித்தப்பா, 6:55
மைனி, நல்லதற்குத்தான் அனுப்பினேன். ஜெனி லேபில் இருக்கிறாளே, அவள் சொல்லட்டும்.

ஜெனி, 7:20
பஸ்ஸில் இருந்தேன் சித்தப்பா. இது பாதி உண்மை, அதுதான் சங்கடம். முழுப் பொய் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

ஜெனி, 7:24
கட்டிக்குள் எல்லாச் செல்லும் ஒரே ரகம் இல்லை. கொஞ்சம் செல்களுக்கு ஸ்டெம் செல் குணம் உண்டு, அதாவது தானும் பெருகி மற்ற ரகச் செல்களையும் உண்டாக்கும் குணம். 1994-இல் டொரன்டோவில் ஜான் டிக் குழு ரத்தப் புற்றுநோய்ச் செல்களை எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தது. அதில் ஒரு சிறு வகை மட்டும்தான் நோயைத் திரும்ப உண்டாக்கியது. 2008-இல் நுரையீரல் கட்டியிலும் சிடி133 என்ற அடையாளம் உள்ள செல்கள் அப்படித்தான் என்று ஒரு ஆய்வு வந்தது. அந்த ஒரு அடையாளத்தை மட்டும் நம்ப முடியாது என்று பிறகு சண்டையும் வந்தது, அது வேறு கதை.

செல்வம் மாமா, 7:31
நம்ம வாழைத் தோட்டத்துக் கோரை மாதிரியா மக்களே? மருந்தடித்தால் இலை கருகும். கிழங்கு மண்ணுக்குள் சும்மா கிடக்கும். ஒரு மழை போதும், மறுபடி எழும்பும்.

ஜெனி, 7:35
அதேதான் மாமா! ஒரே வித்தியாசம், கோரையில் கருகின இலை கிழங்காக மாறாது. இங்கே மாறும். சாதாரணப் புற்றுச் செல்லே அடிபட்ட பிறகு ஸ்டெம் செல் குணத்துக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறார்கள்.

ராஜன் சித்தப்பா, 7:37
அப்போ நான் அனுப்பியது சரிதானே?

ஜெனி, 7:46
தின்று வளரும் என்பது பொய். தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். கதிர் செல்லுக்குள் இருக்கிற தண்ணீரை உடைக்கும். அதில் பிறக்கிற ரேடிக்கல்கள், அதாவது பட்டதையெல்லாம் தாக்குகிற துணுக்குகள், டிஎன்ஏவின் இரண்டு இழையையும் அறுக்கும். இந்தச் செல்களிடம் குளூட்டத்தயோன் மாதிரி ஆன்டி ஆக்ஸிடன்ட் நிறைய இருக்கும், ரேடிக்கலை அணைத்துவிடும். அறுந்ததைத் தைப்பதிலும் கெட்டி. பாதி நேரம் இரண்டாகப் பிரியாமல் தூங்கும். பிரிகிற செல்தான் கதிருக்குச் சீக்கிரம் சாகும். கட்டியின் நடுவில் ரத்தக்குழாய் எட்டாத இடத்திலும் ஒளிந்திருக்கும். ஆக்ஸிஜன் இல்லாத செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும்.

அனு, 7:49
அந்தச் செல்லை மட்டும் கொல்ல மருந்து இல்லையா அக்கா?

ஜெனி, 7:53
தேடுகிறார்கள். அது உயிர் வாழ நாட்ச் என்று ஒரு சிக்னல் வேண்டும். அதை அடைத்துப் பார்த்தார்கள். நம் குடலில் இருக்கிற நல்ல ஸ்டெம் செல்லுக்கும் அதே சிக்னல்தான் வேண்டும், அதனால் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது.

பெரியப்பா, 8:02
எல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். விழுங்கினால் நெஞ்சு எரிகிறது. நாளைக்கு ஒரு நாள் போகாமல் இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். உங்கள் பெரியம்மாவிடம் சொல்லவில்லை.

பெரியம்மா, 8:03
இதை இங்கேதான் சொல்ல வேண்டுமா 😠

ஜெனி, 8:09
பெரியப்பா, ஒரு நாளைக்கு 2 கிரே (கதிரை அளக்கிற அலகு), 30 நாளைக்கு 60 கிரே. ஒரேயடியாகக் கொடுக்காமல் பிரித்துக் கொடுப்பதே இதற்காகத்தான். வெளியே இருக்கிறது சாகச் சாக உள்ளே ஆக்ஸிஜன் போகும். தூங்குகிறது விழிக்கும், அடுத்த நாள் அடி வாங்கும். நல்ல செல்லுக்கு இடையில் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். விட்டுவிட்டுப் போனால் மிச்சம் இருக்கிறதுக்குப் பெருக நேரம் கொடுத்த மாதிரி. எரிச்சலை டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது.

ராஜன் சித்தப்பா, 8:12
நான் வாங்கிக் கொடுத்த ஆன்டி ஆக்ஸிடன்ட் காப்ஸ்யூல் சாப்பிடுகிறாரா?

ஜெனி, 8:13
என்ன காப்ஸ்யூல்??

ஜெனி, 8:18
சித்தப்பா, கதிர் எதை வைத்துக் கொல்கிறதோ அதை அணைக்கிற மாத்திரை அது. டாக்டருக்குத் தெரியாமல் ஒன்றும் வேண்டாம். சாப்பாட்டில் வருகிற பழம், கீரையைச் சொல்லவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கிற 29,133 ஆண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடத்தான் செய்தது. 1994-இல் வெளிவந்தது. நோய் வராமல் தடுக்கக் கொடுத்த மாத்திரை அது!

ராஜன் சித்தப்பா, 8:20
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா, 8:21
காலையில் போட்டதை நீக்கினான். காப்ஸ்யூல் டப்பாவை நான் எடுத்து வைத்துவிட்டேன், இன்று டாக்டரிடம் காட்டுகிறேன்.

செல்வம் மாமா, 8:24
அத்தான், நாளைக்கு என் வண்டி. களியக்காவிளையில் பிளாக் இருக்கும், ஆறரைக்கே இறங்கிவிடலாம்.

பெரியப்பா, 8:30
சரி. ஆறிய கஞ்சி ஒரு பிளாஸ்கில் இருக்கட்டும். சூடு ஆகாது.