ஃப்ரீசரில் வைத்த சாஸ் தண்ணீர் விடுகிறது: கார்ன்ஃப்ளாருக்குப் பதில் கம் போடலாமா?

அடுப்படி:
வணக்கம். காளான் சாஸ் மொத்தமாகச் செய்து, டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வைக்கிறேன். கெட்டிப்படுத்த கார்ன்ஃப்ளார்தான். இறக்கும்போது வழவழவென்று நன்றாக இருக்கிறது. ஆனால் உறைந்ததை உருகவிட்டால் அடியில் தண்ணீர் நிற்கிறது, சாஸ் பஞ்சு மாதிரி துளைத்துளையாகிவிடுகிறது. மாவைக் கூட்டிப் போட்டும் பார்த்தாயிற்று, மாவு வாடைதான் மிச்சம். சாந்தன் கம் என்ற கெட்டிப்படுத்தும் பொடியைப் போடச் சொல்கிறார்கள். மாவுக்கும் கம்முக்கும் அப்படி என்ன வித்தியாசம்? எவ்வளவு போடணும்?

கூழ்மம்:
சாஸ் தயாரிப்பு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், தினமும் இதோடுதான் மல்லுக்கட்டு. மாவைக் கூட்டாதீர்கள். தண்ணீரை வெளியே தள்ளுவதே அந்த மாவுதான்.

கார்ன்ஃப்ளார் என்பது மக்காச்சோள மாவுச்சத்து. அதில் ஏறக்குறைய கால் பங்கு அமைலோஸ், அதாவது குளுக்கோஸ் கோத்த, கிளை இல்லாத நீளச் சங்கிலி. மீதி அமைலோபெக்டின், கிளை கிளையாகப் பிரிந்தது. சூடு 62 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மாவுக் குருணைகள் தண்ணீரைக் குடித்து உப்பத் தொடங்கும், அமைலோஸ் வெளியே கசியும், சாஸ் கெட்டிப்படும். ஆறியதும் அந்த அமைலோஸ் சங்கிலிகள் ஒன்றையொன்று தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்ட ஒட்ட, நடுவில் பிடித்து வைத்திருந்த நீர் பிதுங்கும். ஃப்ரீசரில் இது இன்னும் மோசம். நீர் தனியாகப் பனிக்கட்டியாகிவிடுவதால் மிச்சமுள்ள மாவுச்சத்து நெருக்கியடித்து இறுகிவிடும். நீங்கள் பார்க்கும் துளைகள் பனிப்படிகங்கள் இருந்த இடம்.

அதனால் முதலில் மாவை மாற்றுங்கள். மரவள்ளி ஸ்டார்ச்சில் அமைலோஸ் குறைவு, தண்ணீர் விடுவதும் குறையும். ரொம்ப நேரம் கொதிக்கவிட்டால் மட்டும் நூல் நூலாக இழுபடும். அமைலோஸே அநேகமாக இல்லாத வாக்ஸி மக்காச்சோள ஸ்டார்ச் கிடைத்தால் இன்னும் நல்லது. கடையில் வாங்கும் உறைந்த உணவு பாக்கெட்டில் 1442 என்று எண் இருந்தால், அது இதற்காகவே மாற்றியமைத்த ஸ்டார்ச். சங்கிலிகள் திரும்ப ஒட்டாதபடி இடையில் சிறு தொகுதிகளைச் செருகியிருப்பார்கள்.

இனி கம். சாந்தன் ஒரு பாக்டீரியா சர்க்கரையைப் புளிக்கவைத்து உண்டாக்குவது. பச்சைத் தண்ணீரிலேயே கெட்டிப்படும், வேகவைக்க வேண்டாம். அசையாமல் இருக்கும்போது கெட்டியாக நிற்கும், ஊற்றும்போது இளகும், ஊற்றி முடித்ததும் பழையபடி நிற்கும். சாலட் டிரெஸ்ஸிங்கில் மூலிகைத் துணுக்குகள் அடியில் போய்ப் படியாமல் நடுவிலேயே தொங்குவது இதனால்தான். எனக்கு மிகவும் பிடித்த குணம் இது.

ஆனால் சாந்தனை மட்டும் நம்பி சாஸ் செய்ய வேண்டாம் என்பேன். அளவு மிஞ்சினால் நாக்கில் சளி மாதிரி வழுக்கும். மரவள்ளி ஸ்டார்ச்சோடு, லிட்டருக்கு 1 கிராம் சாந்தனில் தொடங்குங்கள். நேராகத் தண்ணீரில் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் நனைந்து, உள்ளே உலர்ந்த கட்டியாக நின்றுவிடும். கொஞ்சம் எண்ணெயில் குழைத்துவிட்டு ஊற்றுங்கள்.

விதைநிலம்:
குவார் கம்மும் இருக்கிறது, நம் கொத்தவரை விதையிலிருந்து எடுப்பது. அதுவும் பச்சைத் தண்ணீரிலேயே கரையும். ஐஸ்கிரீமில் பனிப்படிகம் பெரிதாகாமல் தடுக்கப் போடுவார்கள். கேரப் மரத்தின் விதைக் கம் என்றால் சூடாக்கினால்தான் முழுதாகக் கரையும். அதையும் சாந்தனையும் கலக்கும்போது கவனம். தனித்தனியே இரண்டும் ஜெல்லியாகாது, சேர்ந்தால் ஜெல்லியாக இறுகிவிடும்.

அடுப்படி:
இருவருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம். மாவு போட்டதும் எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கொதிக்கவிடுகிறேன், கடைசியில் மிக்ஸியில் அடிக்கிறேன். அதுவும் காரணமா?

கூழ்மம்:
இரண்டுமே கெடுக்கும். கொதிக்கும் புளிப்பு மாவுச்சத்துச் சங்கிலிகளைத் துண்டுபோடும், சாஸ் நீர்த்துப்போகும். சாறை இறக்கிய பிறகு சேர்த்தால் போதும். மிக்ஸி வேலையை மாவு போடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒரு துளி அயோடின் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பதமாக வெந்த சாஸில் குருணைகள் உப்பி முழுசாக நிற்பது தெரியும். மிக்ஸியில் அடித்ததில் கிழிந்த தோல்தான் மிதக்கும். சாந்தன் இந்த இரண்டையும் தாங்கும்.

ருசி பார்த்த கரண்டியையும் திரும்பச் சட்டியில் விடாதீர்கள். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கும், ஆறிய சாஸ் கொஞ்சம் கொஞ்சமாக இளகிவிடும்.