இரண்டு கரிநெருப்புகள்: உடைந்த பிறகு நடந்ததைப் பகிர்ந்துகொள்வோம்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரர்

எல்லோருக்கும் கர்த்தருடைய நாமத்தில் வணக்கம். போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு வாலிபத் தம்பி என்னைத் தனியாக இழுத்து, "அண்ணே, நீங்க எப்படிண்ணே குடியை விட்டீங்க?" என்று கேட்டான். கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். அவன் படிப்பான்.

எனக்கு வேலை கரி லோரி ஓட்டுவது. மலேசியாவின் பேராக்கில் குவாலா செப்பெத்தாங் என்ற ஊரில் பாக்காவ் என்ற அலையாத்தி மரத்தைச் சூளையில் போட்டுக் கரியாக்குகிறார்கள். அங்கே மூட்டை ஏற்றி, பினாங்கில் பிறை என்ற ஊரில் கொஞ்சம், பாலம் தாண்டி ஜார்ஜ்டவுனில் கொஞ்சம், பாயான் லெப்பாஸ் வரைக்கும் சாத்தே கடைகளுக்கும் மீன் சுடும் கடைகளுக்கும் இறக்குவேன். எத்தனை முறை துவைத்தாலும் என் சட்டையில் கரி வாசம் போகாது.

குடி, தோட்டத்தில் (எஸ்டேட்டில்) இருந்தபோதே பழகிவிட்டது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், நாங்கள் ஃபிளாட்டுக்கு வந்த பிறகு அதிகமானது. அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. எல்லாக் குடிகாரன் கதையும் அந்த இடத்தில் ஒன்றுதான்.

சொல்ல வேண்டியது 2011-இல் நடந்த ஒரு சனிக்கிழமை இரவு. நான் கரி இறக்கும் ஒரு மீன் கடைக்குப் பின்பக்கம், அடுப்புக்குப் பக்கத்தில், கூட்டாளிகளோடு உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தேன். என் தம்பி மோட்டாரில் வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "அம்மாவுக்கு மூச்சு இழுக்குது, வாண்ணே" என்றான். மேசையில் இருந்த ஒருவன், "யாருடா இது, உன் தம்பியா?" என்று கேட்டான். வீட்டிலிருந்து ஆள் வந்து இழுத்துக்கொண்டு போகிறான் என்று சிரிப்பார்களே என்ற வெட்கம். "எனக்குத் தெரியாத ஆளு" என்று சொல்லிவிட்டேன். தம்பி கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். அவனுடைய ஹெல்மெட் கண்ணாடியில் அடுப்பு நெருப்பு சிவப்பாகத் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அப்புறம் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். விடிவதற்குள் அம்மா இறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு கரி வாசம் வந்தாலே எனக்கு நெஞ்சை அடைக்கும். ஆனால் வேலையே கரிதான். வாசத்தை மறக்கக் குடித்தேன், குடித்தபின் மறுபடியும் லோரி.

எழுப்புதல் கூட்டங்களுக்குப் போனேன். முன்னால் போய் முழங்கால் போட்டு அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை. ஆனால் இரண்டு வாரம் தாண்டவில்லை. ஒருமுறை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைத்தார்கள். அந்த வாரமே குடித்தேன். அதோடு சபையில் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் பல மாதம் போகவே இல்லை. புதிதாக விட்டவரை உடனே மேடை ஏற்றாதீர்கள், தயவுசெய்து. அவர் விழுந்தால் திரும்பி வர வழி இல்லாமல் போய்விடுகிறது.

பிறகு ஒருவர், மருந்து மாத்திரை எல்லாம் அவிசுவாசம், மூன்று நாள் உபவாசம் இருந்தால் போதும் என்றார். செய்தேன். இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்து விழுந்துவிட்டேன். என் மனைவி அப்போது பிள்ளையோடு அவள் அம்மா வீட்டில் இருந்தாள். சத்தம் கேட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா. அவருக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவன்.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு, எங்கள் சபைக்கு வரும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர், "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாப்பா, யோவான் வாசிக்கலாம். பைபிள் இல்லாட்டியும் பரவாயில்லை" என்றார். வாரத்துக்கு ஓர் அதிகாரம். முதலில் சாப்பாடு, அப்புறம் வாசிப்பு. குடியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் இரண்டு செவ்வாய் குடித்துவிட்டுப் போனேன். அப்போதும் தட்டு வைத்தார்.

பதினெட்டாவது வாரம், பதினெட்டாவது அதிகாரம். குளிர்காலமானபடியினாலே ஊழியக்காரரும் சேவகரும் கரிநெருப்பு உண்டாக்கிக் குளிர்காய்ந்தார்கள், பேதுருவும் அவர்களோடு நின்றான் என்று வருகிறது. அங்கே நின்று குளிர்காய்ந்தபடிதான் அவன் இயேசுவைத் தெரியாது என்று மறுதலிப்பான். அதுவரை எத்தனையோ தடவை கேட்ட பகுதிதான். அன்றைக்கு நானே வாய்விட்டு வாசித்ததால் அந்தக் 'கரிநெருப்பு' என்ற வார்த்தையில் தொண்டை நின்றுவிட்டது. மீன் கடையைச் சொன்னேன். தம்பியைத் தெரியாது என்று சொன்னதைச் சொன்னேன். என் மனைவியிடம்கூடச் சொல்லாதது அது. நான் தலையைக் குனிந்து முணுமுணுத்திருக்கிறேன் போலிருக்கிறது. வாத்தியார் எழுந்துபோய் விசிறியை நிறுத்திவிட்டு வந்து, "சத்தத்துல சரியாக் கேக்கல. மறுபடி சொல்லுப்பா" என்றார். இரண்டாவது முறை சொல்வதுதான் கஷ்டம். சொன்னேன். அவர் உடனே 'ஆண்டவர் மன்னித்துவிட்டார்' என்று சொல்லி மூடவில்லை. ரொம்ப நேரம் என்னோடு சும்மா உட்கார்ந்திருந்தார்.

மூன்று வாரம் கழித்து 21-ஆம் அதிகாரம். சீஷர்கள் இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் அகப்படவில்லை. விடியற்காலம் கரையில் ஒருவர் நிற்கிறார். இறங்கிப் பார்த்தால் கரிநெருப்பு, அதன்மேல் மீன், அப்பம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இந்த வார்த்தை இரண்டே இடத்தில்தான் இருக்கிறது என்று வாத்தியார் சொன்னார்: பேதுரு மறுதலித்த முற்றத்திலும், இந்தக் கரையிலும். அதே நெருப்பு, அதே வாசம். இந்த முறை அதை மூட்டியவர் ஆண்டவர். 'வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்' என்று கூப்பிடுகிறார். விடியற்காலம் அல்லவா, நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், "வாங்க, பசியாறலாம்." என்னை நேசிக்கிறாயா என்று பேதுருவிடம் மூன்று தடவை கேட்டதெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகுதான்.

மறுநாள் காலை குவாலா செப்பெத்தாங்கில் லோரியை நிறுத்திவிட்டு அந்த வாசத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். ஓடத் தோன்றவில்லை.

அங்கே சூளையைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டைகளை உள்ளே நிற்க வைத்து அடுக்குவார்கள். சூளையின் வாசலில் எரியும் தீ கட்டையைத் தொடாது. சூடு மட்டும் உள்ளே போய், மரத்தின் தண்ணீரையெல்லாம் மெல்ல வெளியேற்றும். ஒரு சூளை முடிய ஏறக்குறைய ஒரு மாதம். அவசரப்பட்டு நடுவில் திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் சாம்பலாகிவிடும். வேலையாட்கள் புகையை முகர்ந்து பார்த்தே உள்ளே எந்த நிலை என்று சொல்வார்கள். என்னை எல்லோரும் நடுவில் திறந்து பார்த்தார்கள், வாத்தியார் மட்டும் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடியை விட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மனைவி திரும்பி வந்தாள். வாத்தியார் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். தம்பி மட்டும் இன்னும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க மூன்று முறை அவன் வீட்டு கேட் வரை போய்விட்டேன். திறக்கவில்லை. இதற்கு என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு சகோதரி

அண்ணே, நான் உங்கள் தம்பியின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் பதினான்கு வருடம் குடித்தார். தாலியிலிருந்து பிள்ளையின் பள்ளிக்கூடப் பணம் வரை போனது. பிறகு ஒருநாள் உண்மையாகவே விட்டுவிட்டார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அந்த வாரமே என்னிடம் வந்து, அவர்தான் மாறிவிட்டாரே, நீ ஏன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்க ஆரம்பித்தார்கள். 'எழுபது தடவை ஏழுமுறை' மன்னிக்கச் சொல்லும் வசனத்தை எனக்கு எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ண முடியாது. அவர் உடைந்ததை எல்லோரும் பார்த்தார்கள். நான் உடைந்தது யார் கண்ணிலும் படவில்லை.

நான் கத்தோலிக்கப் பிள்ளை. எங்கள் ஊர் புனித அன்னாள் ஆலயத்துக்கு ஜூலை 26 திருநாளுக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள், உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் மெழுகுவத்திப் பவனியில் நடக்கும்போது எனக்கு ஒரு ஜெபமும் வரவில்லை. மெழுகு உருகி விரலில் விழுந்தது, துடைக்காமல் நடந்தேன். பிறகு ஒப்புரவுக்குப் போய், "ஃபாதர், பாவம் சொல்ல வரல. கோபமா இருக்கு" என்றேன். அவர் சங்கீதம் 88-ஐ வீட்டில் போய் வாசிக்கச் சொன்னார்.

வாசித்துப் பாருங்கள். மற்றச் சங்கீதங்கள் அழுகையில் தொடங்கினாலும் பெரும்பாலும் நம்பிக்கையில் வந்து முடியும். இது அப்படி முடியாது. இருட்டிலேயே முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்தையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்களே என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது. மாதக்கணக்கில் அதை மட்டும்தான் ஜெபித்தேன்.

யோசேப்பையும் நினைத்துப் பாருங்கள். குழியில் போட்டு விற்ற அண்ணன்மார் எகிப்துக்கு வந்ததும் அவர் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. தான் யார் என்று சொல்லாமல், இரண்டு பயணம் அலையவிட்டு, தன் தம்பி பென்யமீனை விட்டுக்கொடுக்கிறார்களா என்று பார்த்தார். நடுவில் தனியறைக்குள் போய் அழுதார். உங்கள் தம்பியும் கேட்டுக்கு அந்தப் பக்கம் அழுகிறாரோ என்னவோ. தயவுசெய்து இனிமேல் கேட் வரை போகாதீர்கள். நீங்கள் வந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் முடிவெடுக்க வேண்டிய பாரம் அவர்மேல் விழுகிறது.

நான் என் வீட்டுக்காரரை மன்னித்துவிட்டேன். அதற்கு ஐந்து வருடம் பிடித்தது. ஆனால் சேர்ந்து வாழவில்லை. இரண்டும் வேறு வேறு என்று எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை, அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு தாதி

ஒரு விஷயம் மட்டும் அவசரமாக. தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்து இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது, நாள் நேரம் புரியாமல் போவது என்று வந்தால் உயிருக்கே ஆபத்து. இதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை, மூளையும் நரம்பும் மதுவுக்குப் பழகிவிட்டதன் விளைவு. மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையும் வைட்டமின் பி1-உம் கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்) தான். போய்க் கேளுங்கள். உபவாசத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கள்ளச் சாம்சு (மலிவுச் சாராயம்) பக்கம் போகவே வேண்டாம். 2018-இல் எங்கள் பக்கம் மெத்தனால் என்ற நச்சு கலந்த மதுவால் எத்தனை பேர் போனார்கள் என்பது மறந்திருக்காது.

தம்பி விஷயத்தில் அந்தச் சகோதரி சொன்னது சரி. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' குழுக்களில் பன்னிரண்டு படிகள் வைத்திருக்கிறார்கள். ஐந்தாவது படி, செய்த தவற்றை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்வது. வாத்தியார் விசிறியை நிறுத்தியது அதற்குத்தான் போலும். ஒன்பதாவது படி, காயப்படுத்தியவர்களிடம் போய்ச் சரிசெய்வது. ஆனால் அது அவர்களுக்கு இன்னும் தீங்கு செய்யுமென்றால் வேண்டாம் என்று அந்தப் படியிலேயே எழுதியிருக்கிறது.

பெயர் போட விரும்பாத ஒருவர்

அண்ணே, கேட்டது நான்தான். எல்லாம் படித்தேன். செவ்வாய்க்கிழமை இப்போதும் உண்டா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரர்

சகோதரி, நீங்கள் எழுதியதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். மூன்று முறை போனது தம்பிக்காக என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் நெஞ்சு பாரம் இறங்கத்தான் போயிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. இனி போக மாட்டேன். என் நம்பர் அவனிடம் இருக்கிறது, அதை மாற்றாமல் வைத்திருப்பேன். அம்மாவின் கல்லறையை மட்டும் எப்போதும் போல் மாதக் கடைசியில் துப்புரவு செய்வேன். சில மாதம் நான் போவதற்கு முன்பே புல் வெட்டியிருக்கும். யார் வெட்டுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

தாதி அம்மா சொன்னதை நம் சபைக் குழுவில் அப்படியே போடப்போகிறேன், அனுமதி கொடுங்கள்.

கேள்வி கேட்ட தம்பி, முதலில் நாளைக்குக் காலை கிளினிக். நான் லோரியை மத்தியானம் எடுத்துக்கொள்கிறேன், கூடவே வருகிறேன். செவ்வாய் இப்போது என் வீட்டில், ஏழரை மணிக்கு. சாப்பிடாமல் வா.